சோற்றுக்குள் வரும் உலோகம்: எங்கள் வயல் மண்ணைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள்

போர் முடிந்து வன்னிக்குத் திரும்பிய கமக்காரக் குடும்பங்கள் முதலில் கேட்ட கேள்வி, வயலுக்குள் கால் வைக்கலாமா என்பதுதான். கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள் நிலத்தைச் சாண் சாணாகத் தேடி, வெடிபொருள் இல்லை என்று உறுதிப்படுத்திக் கையளித்த பிறகே பல வயல்களில் மீண்டும் உழவு நடந்தது. அந்த உறுதி எத்தனையோ உயிர்களையும் கால்களையும் காத்தது. ஆனால், அது ஒரேயொரு கேள்விக்கான பதில். மண்ணுக்குள் வெடிக்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த மண்ணில் ஈயம் எவ்வளவு, கட்மியம் எவ்வளவு, ஆசனிக் எவ்வளவு என்று பார்ப்பது அந்தத் தேடுதலின் வேலை அல்ல.

இன்னொரு பயமும் ஊர்களுக்குள் இருக்கிறது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் அநுராதபுரம், பொலன்னறுவையோடு நிற்கவில்லை. வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் இரண்டு மூன்று நாள் வைத்தியசாலைக்கு அலையும் குடும்பத்தில் ஒருவர் பசளையால் வந்தது என்பார், இன்னொருவர் கிணற்றுத் தண்ணீரால் என்பார், மற்றவர் அரிசியால் என்பார். பயம் நியாயமானது. ஆனால், பயத்துக்குப் பக்கத்தில் விளக்கமும் இருக்க வேண்டும். வயல் மண்ணுக்கு உலோகம் எப்படி வருகிறது, மண்ணிலிருந்து நெல்லுக்கு எப்படி ஏறுகிறது, இதில் எதற்குப் பயப்பட வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை பார்க்கிறது.

அழியாத பொருள்

பார உலோகங்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது வயல் மண்ணைப் பொறுத்தவரை நான்கு பெயர்கள் முக்கியமானவை: கட்மியம், ஆசனிக், ஈயம், இரசம். இவை எல்லா மண்ணிலும் இயற்கையாகவே மிகச் சிறிய அளவில் இருக்கின்றன. ஆகவே, ‘மண்ணில் கட்மியம் கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பு மட்டும் எதையும் சொல்லாது. எவ்வளவு என்பதே கேள்வி.

பூச்சிகொல்லிகள் பலவும் வெயிலிலும் நுண்ணுயிர்களாலும் காலப்போக்கில் சிதைந்துபோகும். உலோகம் சிதையாது. சுரங்கக் கழிவு, தொழிற்சாலைக் கழிவுநீர், பொஸ்பேட் பசளை, நகரக் குப்பையிலிருந்து செய்த கூட்டெரு, ஆசனிக் கலந்த நிலத்தடி நீர் எனப் பல வழிகளில் வந்து சேரும் உலோகம், யாராவது அகற்றும்வரை மண்ணிலேயே இருக்கும். ‘சேதனப் பசளைதானே’ என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. பற்றரியும் பெயின்ற் தகரமும் கலந்த குப்பையில் செய்த கூட்டெருவிலும் ஈயமும் கட்மியமும் வரும்.

மனித உடலிலும் கட்மியம் இலேசில் வெளியேறாது. சிறுநீரகத்தில் படியும் கட்மியத்தில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஒரு நாள் சாப்பிட்ட சோறு யாரையும் நோயாளியாக்காது. அதே வயலின் சோற்றை இருபது முப்பது வருடம் சாப்பிடுவதுதான் சிக்கல். நகரத்தில் கடையில் வாங்குபவர் இன்று ஒரு மாவட்டத்து அரிசியையும் நாளை இன்னொரு மாவட்டத்து அரிசியையும் சாப்பிடுகிறார். தன் வயலில் விளைந்ததை மூட்டை கட்டி வைத்து வருடம் முழுவதும் சாப்பிடும் கமக்காரக் குடும்பத்துக்கு அந்தக் கலப்பு இல்லை. மண்ணில் பிரச்சினை இருந்தால் அதை முழுதாகச் சுமப்பது அவர்கள்தான்.

தண்ணீர் நின்றால் ஒன்று, வடிந்தால் இன்னொன்று

மரக்கறித் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் உள்ள வித்தியாசம் தண்ணீர். வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. அப்போது மண்ணின் இரசாயனமே மாறுகிறது.

சாதாரண மண்ணில் ஆசனிக், துருப்போன்ற இரும்புச் சேர்வைகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்சிசன் இல்லாதபோது அந்த இரும்புச் சேர்வை கரைகிறது. ஒட்டியிருந்த ஆசனிக் தண்ணீருக்குள் விடுபடுகிறது. நெற்பயிருக்குத் தண்டு நிமிர்ந்து நிற்கச் சிலிக்கன் தேவை. சிலிக்கன் உள்ளே போகும் அதே வழியால் ஆசனிக்கும் ஏறிவிடுகிறது. கோதுமை, சோளம் போன்ற தானியங்களைவிட அரிசியில் ஆசனிக் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கட்மியம் இதற்கு நேர்மாறு. தண்ணீர் நிற்கும்போது அது கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாக மண்ணில் தங்கிவிடும். வயலை வடிய விட்டுக் காயப்போட்டால் ஒட்சிசன் உள்ளே வர, கட்மியம் விடுபடுகிறது. கதிர் வெளிவரும் காலத்தில் வயல் காய்ந்தால், அந்தக் கட்மியம் நேரே மணிக்குள் போகும். மண் அமிலத்தன்மையாக இருந்தால் இன்னும் அதிகமாகப் போகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புத்தன்மையான மண்ணில் கட்மியம் இலகுவில் அசையாது. அமிலத்தன்மை கூடிய மண்ணில் அதே அளவு கட்மியம் கூடுதலான பாதிப்பைத் தரும்.

ஆகவே, ஒரே வயலில் ஒரு உலோகத்தைக் கட்டுப்படுத்தச் செய்யும் வேலை மற்றதைக் கூட்டக்கூடும். தண்ணீரைக் கட்டினால் கட்மியம் குறையும், ஆசனிக் கூடும். வடிய விட்டால் மறுபக்கம். மண்ணில் எது இருக்கிறது என்று தெரியாமல் ‘இதைச் செய்யுங்கள்’ என்று யாரும் ஆலோசனை சொல்ல முடியாது. அளவீடு முதலில் வரவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஈயம் வேறு மாதிரி. அது மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும், வேரைத் தாண்டி மணிவரை போவது குறைவு. ஈயத்தின் ஆபத்து சோற்றைவிடப் புழுதியிலும், மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளிடமும் அதிகம்.

ஜின்சு ஆற்றங்கரைக் கமக்காரர்கள்

நெல் வயலில் உலோகம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை உலகுக்குக் காட்டியது ஜப்பானின் தொயாமா மாகாணம். அங்கு ஓடும் ஜின்சு ஆற்றின் மேற்பகுதியில் கமியோகா சுரங்கம் இருந்தது. மிற்சுயி நிறுவனம் அங்கே ஈயமும் நாகமும் எடுத்தது. நாகத்தின் தாதுவில் கட்மியமும் கலந்திருக்கும். கழிவு ஆற்றில் கலந்தது, ஆற்றுநீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்ந்தது, வயல் மண்ணில் கட்மியம் படிந்தது.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பல பிள்ளைகளைப் பெற்ற, நடுவயதைக் கடந்த பெண்கள். சிறுநீரகம் பழுதாகி, எலும்புக்குத் தேவையான சத்துகள் சிறுநீரோடு வெளியேறி, எலும்பு மென்மையாகியது. இருமினாலே எலும்பு முறியும் நிலை வந்தது. ‘இதாய், இதாய்’ என்று அவர்கள் கதறியதே நோயின் பெயராகியது. ‘நோகுது, நோகுது’ என்பது அதன் அர்த்தம்.

போரிலிருந்து திரும்பி ஊரில் வைத்தியம் பார்த்துவந்த நொபொரு ஹகினோ என்ற மருத்துவர், சுரங்கத்தைச் சந்தேகித்தார். 1961இல் அவரும் அவரோடு இணைந்த ஆய்வாளரும் கட்மியமே காரணம் என்று அறிவித்தார்கள். அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது 1968இல். அதே ஆண்டு பாதிக்கப்பட்டவர்கள் நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டு 1971இல் வென்றார்கள். 1972இல் மேன்முறையீட்டிலும் வென்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எங்களுக்கு முக்கியமானது. நட்டஈட்டோடு அவர்கள் நிற்கவில்லை. வயல் மண்ணை மீட்டுத் தரவேண்டும் என்றும், விரும்பிய நேரம் நிபுணர்களைக் கூட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் போய்ப் பரிசோதிக்கும் உரிமை தங்களுக்கு வேண்டும் என்றும் கேட்டு, எழுத்தில் வாங்கினார்கள். மாசடைந்த மண்ணைக் கீழே புதைத்து, மேலே மலை மண்ணைப் பரப்பும் வேலை 1979இல் தொடங்கி 2012இல்தான் முடிந்தது. மீட்கப்பட்டது சுமார் 863 ஹெக்டேயர். செலவு சுமார் 4,070 கோடி யென். அரசாங்கம் நோயாளிகளாக அங்கீகரித்தவர்கள் சுமார் 200 பேர்.

வயலை மாசாக்கப் பணம் செலவாகவில்லை. மீட்க 33 வருடம் எடுத்தது.

எல்லா இடத்திலும் மண்ணை மாற்றவும் முடியாது. தாய்லாந்தின் மே சொற் பகுதியில் நாகச் சுரங்கத்துக்குக் கீழே இருந்த வயல்களில் கட்மியம் கண்டறியப்பட்டபோது, அரசாங்கம் அங்கு விளைந்த நெல்லை வாங்கி அழித்தது. உண்ணும் பயிருக்குப் பதிலாக எதனோல் தயாரிக்கும் கரும்பு செய்யக் கமக்காரர்கள் ஊக்குவிக்கப்பட்டார்கள். சீனாவில் 2014இல் வெளியான தேசிய மண் ஆய்வு, பயிர்ச்செய்கை நிலத்தில் 19.4 வீதமான மாதிரிகள் தரத்தைத் தாண்டியிருந்ததாகச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு அந்தத் தரவைக் கேட்ட ஒரு சட்டத்தரணிக்கு, அது ‘அரச இரகசியம்’ என்று பதில் கிடைத்தது.

இலங்கையில் தெரிந்தவை

இலங்கையின் நெல் வயல்களுக்கு மேலே கமியோகா போன்ற நாகச் சுரங்கம் இல்லை. இங்கு சந்தேகம் விழுந்தது பசளையின் மீது, குறிப்பாக அடிக்கட்டுப் பசளையாகப் போடும் ரி.எஸ்.பி மீது. அதற்கு அடிப்படை இருக்கிறது. பொஸ்பேட் பாறையில் இயற்கையாகவே கட்மியம் உண்டு. எந்த நாட்டுப் பாறை என்பதைப் பொறுத்து அளவு மாறும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் விதித்திருக்கும் எல்லை, பசளையிலுள்ள ஒரு கிலோ பொஸ்பேட்டுக்கு 60 மில்லிகிராம் கட்மியம். 50 கிலோ ரி.எஸ்.பி மூட்டையில் சுமார் 23 கிலோ பொஸ்பேட் இருக்கும். அந்த எல்லையிலேயே பசளை இருந்தால், ஒரு மூட்டையில் வருவது ஏறக்குறைய 1.4 கிராம். ஒரு ஏக்கரின் உழவு ஆழ மண் ஏறக்குறைய 8 இலட்சம் கிலோ. ஒரு ஏக்கருக்கு வருடம் ஒரு மூட்டை என்று 50 வருடம் போட்டாலும், ஒரு கிலோ மண்ணுக்கு 0.1 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கூடும். பசளையால் வரும் கட்மியம் மெதுவாகச் சேர்வது. ஜின்சுவில் நடந்ததைப் போன்றதல்ல. ஆனால், எல்லையைப் பல மடங்கு தாண்டிய தரமற்ற பசளை வந்தால் கணக்கும் அதே மடங்கால் ஏறும். ஆகவே, துறைமுகத்தில் செய்யும் பரிசோதனை ஒரு சடங்காக இருக்கக்கூடாது.

சிறுநீரக நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா? உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நடந்து 2013இல் வெளியான ஆய்வு, நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் மற்றவர்களைவிட அதிகம் என்று சொன்னது. அதே ஆய்வு, பரிசோதித்த அரிசியில் கட்மியம் எல்லைக்குள் இருந்ததாகவும் சொன்னது. தாமரைக்கிழங்கிலும் புகையிலையிலும் அது அதிகமாகக் காணப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் சில கட்மியத்தைக் காரணமாக ஏற்கவில்லை. நிலத்தடி நீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும், விவசாய இரசாயனங்கள், கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. எல்சல்வடோர், நிக்கரகுவா கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இதேபோன்ற சிறுநீரக நோய் இருக்கிறது.

காரணம் முடிவாகாத இடத்தில் அரசியல் புகுந்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் தடை செய்யப்பட்டபோது, சிறுநீரக நோயும் ஒரு நியாயமாகச் சொல்லப்பட்டது. மாவட்ட வாரியான மண் அளவீடு எதுவும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. ஆனால், அந்தக் காலபோகத்தின் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. கடன்பட்டு விதைத்த கமக்காரர் தலையில்தான் அந்தச் செலவு விழுந்தது. அளக்காமல் பயப்படுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. அளக்காமல் பயமில்லை என்று சொல்வதற்கும் ஒரு விலை இருக்கிறது. இரண்டையும் கொடுப்பது ஒரே ஆட்கள்.

போர் பார்த்த மண்

துப்பாக்கி ரவையின் உள்ளீடு பெரும்பாலும் ஈயம். எறிகணைகளில் செம்பும் நாகமும் உண்டு. உலோகம் அழியாது என்றால், போர் முடிந்து எத்தனை வருடமானாலும் அது மண்ணிலிருந்து போயிருக்காது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரைச் சுற்றி முதலாம் உலகப் போர் நடந்த நிலத்தில், 90 ஆண்டுகளுக்குப் பின்னும் மேல்மண்ணில் செம்பு வழமையைவிட அதிகம் என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரான்சின் வெர்டன் பக்கத்தில், போரில் எஞ்சிய ஆசனிக் கலந்த நச்சு எறிகணைகள் 1920களில் எரிக்கப்பட்ட ஓரிடத்தில், மண் மாதிரி ஒன்றின் எடையில் 17 வீதம் ஆசனிக்காக இருந்தது. அங்கே புல்கூட ஒழுங்காக முளைப்பதில்லை.

வெர்டனை அப்படியே வன்னிக்குப் பொருத்தக்கூடாது. அது நச்சு எறிகணை எரித்த இடம். பரந்த வயலில் சிதறிய சன்னங்களின் ஈயம் நெல்மணிக்குள் போவதும் குறைவு. ஆனால், சில இடங்கள் தனியாகப் பார்க்கப்பட வேண்டியவை: நீண்டகாலம் காவலரண்களும் மண் அணைகளும் இருந்த வரிசைகள், துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சித் திடல்கள், வெடிபொருட்களைக் குவித்து அழித்த இடங்கள், எரிந்த வாகனங்கள் நின்ற வளவுகள், பழைய பற்றரி உடைத்து ஈயம் உருக்கிய முற்றங்கள். அப்படிப்பட்ட நிலம் இன்று வயலாகவோ வீட்டுத்தோட்டமாகவோ பிள்ளைகள் விளையாடும் இடமாகவோ இருந்தால், அதன் மண்ணைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது அளவுக்கு மீறிய கோரிக்கை அல்ல. விடுவிக்கப்பட்ட காணியைக் கையளிக்கும்போது வெடிபொருள் அறிக்கையோடு மண் அறிக்கையும் சேர வேண்டும்.

தண்ணீர் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. மன்னாரின் வயல்களுக்கு நீர் கொடுக்கும் கட்டுக்கரைக்குளம், அநுராதபுரம் வழியாக வரும் அருவியாற்றின் நீரைப் பெறுகிறது. மேலே என்ன கலக்கிறது என்பது கீழே உள்ளவருக்கும் தெரிய வேண்டிய விடயம்.

வீட்டிலும் வயலிலும் செய்யக்கூடியவை

அரிசிக்கான சர்வதேச உணவுத் தரம், ஒரு கிலோவுக்குக் கட்மியம் 0.4 மில்லிகிராம், தீட்டிய அரிசியில் சேதனமல்லாத ஆசனிக் 0.2 மில்லிகிராம் என்று வைக்கிறது. சீனா கட்மியத்துக்கு 0.2 என்ற இறுக்கமான எல்லையை வைத்திருக்கிறது. சோறே பிரதான உணவான எங்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. நிபுணர் குழு பாதுகாப்பானதெனச் சொல்லும் அளவின்படி, 60 கிலோ எடையுள்ளவருக்கு மாதம் 1.5 மில்லிகிராம் கட்மியம்தான் எல்லை. நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் மாதம் 9 கிலோ. அந்த அரிசியில் கிலோவுக்கு 0.2 இருந்தாலே மாதக் கணக்கு 1.8 ஆகிவிடும்.

சமையலில் ஒரு நல்ல செய்தி உண்டு. நிறையத் தண்ணீர் வைத்துச் சோறாக்கிக் கஞ்சி வடிக்கும் எங்கள் பழைய முறை, ஆசனிக்கின் கணிசமான பங்கை வெளியேற்றுகிறது. றைஸ் குக்கரில் தண்ணீர் வற்றும்வரை வேகவைத்தால் அது சோற்றிலேயே தங்கும். ஆனால், சமைக்கும் தண்ணீரில் ஆசனிக் இருக்கக்கூடாது. கட்மியம் கழுவினாலும் வடித்தாலும் பெரிதாகப் போகாது. உடலில் இரும்புச்சத்துக் குறைந்தால் குடல் கட்மியத்தை அதிகமாக உறிஞ்சும். ஆகவே, பெண்களின் இரத்தசோகையைக் கவனிப்பது இதற்கும் மருந்து. புகையிலை கட்மியத்தைச் சேர்க்கும் பயிர். சுருட்டும் சிகரெட்டும் சோற்றுக்கு மேலால் ஒரு பங்கைக் கூட்டுகின்றன.

வயலில், மண் பரிசோதனையில் கட்மியம் அதிகம் என்று தெரிந்தால், கதிர் வெளிவரும் காலத்தை ஒட்டி முன்னும் பின்னும் மூன்று வாரம் வயலைக் காயவிடாமல் வைப்பது ஜப்பானில் சொல்லிக்கொடுக்கப்படும் முறை. அமிலத்தன்மையான மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவதும் உதவும். பொஸ்பேட் பசளையை மண் பரிசோதனைப்படி தேவையான அளவுக்கு மட்டும் போடுவது செலவையும் குறைக்கும், கட்மியத்தையும் குறைக்கும்.

ஆனால், வழமையாகச் செய்யப்படும் மண் பரிசோதனை அமிலத்தன்மை, உப்புத்தன்மை, பசளைச்சத்து ஆகியவற்றையே பார்க்கும். பார உலோகத்துக்குத் தனிக் கருவியும் தனிக் கட்டணமும் தேவை. ஒரு கமக்காரர் தன் கைக்காசில் செய்யும் வேலையல்ல அது. கமக்காரர் அமைப்பாகச் சேர்ந்து, கமநல சேவை நிலையம், விவசாயத் திணைக்களம், பல்கலைக்கழகம் ஆகியவற்றிடம் குளம் வாரியாகக் கேட்க வேண்டும். ஒரு குளத்தின் வாய்க்கால் தலைப்பிலும் நடுவிலும் கடைசியிலும் எடுக்கும் சில மாதிரிகளே பல விடயங்களைச் சொல்லும். மண்ணோடு சேர்த்து அதே வயலின் நெல்லையும் பரிசோதிக்க வேண்டும். சோற்றுக்கு வருவது எவ்வளவு என்பதை நெல்தான் சொல்லும்.

ஏற்கெனவே செய்த பரிசோதனைகளின் முடிவைக் கேட்கவும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இறக்குமதியான பசளையின் கட்மிய அறிக்கையைத் தேசிய உரச் செயலகத்திடமும், தமது பிரதேசத்தின் மண் அறிக்கைகளை விவசாயத் திணைக்களத்திடமும் எந்தப் பிரசையும் தமிழில் எழுதிக் கேட்கலாம். கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். ‘எங்களிடம் அப்படி ஒரு அறிக்கை இல்லை’ என்று பதில் வந்தால், அதுவும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு ஆவணம்தான்.

ஜின்சு ஆற்றங்கரை மக்கள் வழக்கில் வென்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆற்று நீரில் கட்மியம் இயற்கையான அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனாலும், நிபுணர்களைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வருடா வருடம் மேலே போய்ச் சுரங்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.